கிளாக்டனில் ஸ்டேட்டிக் காரவன்: வாங்குவதா, வாடகைக்கே எடுப்பதா?

கேட்ட தம்பி கிழக்கு லண்டன் இல்ஃபோர்டில் இருக்கிறார். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. போன ஆகஸ்டில் எசெக்ஸ் கடற்கரை ஊரான கிளாக்டன் பக்கத்து ஹாலிடே பார்க் ஒன்றில் 1,150 பவுண்டு கொடுத்து ஒரு வாரம் ஸ்டேட்டிக் காரவனில், அதாவது ஒரே இடத்தில் நிறுத்திவைத்த வீடு மாதிரிக் காரவனில், தங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. கிளம்புகிற அன்று விற்பனை அலுவலகத்தில் உட்காரவைத்து, டீ கொடுத்து, சில வருடம் பழகிய ஆறு பேர் படுக்கும் காரவன் ஒன்றை 32,000 பவுண்டு என்று காட்டியிருக்கிறார்கள். அதை அங்கே நிறுத்திவைக்கிற லைசென்ஸ் இன்னும் 12 வருடம் இருக்கிறதாம். சைட் ஃபீ, அதாவது அந்த இடத்துக்குப் பார்க்குக்குக் கட்டுகிற கட்டணம், வருடத்துக்கு 5,500. வருடாவருடம் வாடகைக்குக் கொட்டுகிற காசுக்குச் சொந்தமாகவே ஒன்று வைத்துக்கொள்ளலாமே என்பது அவருடைய கேள்வி.

எசெக்ஸ், கெண்ட் கரையோரப் பார்க்குகளில் காரவன்களுக்கு காஸ் வேலை பார்க்கிறவன் நான். சந்தோஷமாக வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன், விற்க முடியாமல் திணறுகிறவர்களையும் பார்க்கிறேன். என் பதில்: இந்தக் காரவன், இந்த விலைக்கு, இப்போது வேண்டாம். காரவனே கூடாது என்று நான் சொல்லவில்லை. யாருக்குச் சரிவரும் என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

முதலில், 32,000 கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது என்ன என்று பாருங்கள். காரவன் உங்களுடையது, அது நிற்கிற நிலம் பார்க்குக்காரருடையது. அந்த இடத்தில் 12 வருடம் நிறுத்திவைக்க ஓர் அனுமதி, அவ்வளவுதான். வீடு வாங்கிப் பழகிய நமக்கு இது சட்டென்று மனதில் ஏறாது. வீட்டில் நிலம் விலை ஏறும், கட்டடம் தேயும். இதில் ஏறுவதற்கு நிலமே இல்லை. கார் மாதிரிதான், ஷோரூமை விட்டு வந்ததிலிருந்து இறங்குமுகம். 12 வருடம் முடிந்ததும் அந்த பிட்சை, அதாவது காரவன் நிற்கிற இடத்தை, காலி செய்ய வேண்டும். அப்போது பார்க்குக்காரர் ஒரு சின்னத் தொகையைச் சொல்லி, புதியது ஒன்றை எடுத்துக்கொண்டால் இதைக் கழித்துக்கொள்கிறேன் என்பார். வேண்டாம் என்றால் காரவனை எடுத்துப்போகிற செலவு உங்கள் தலையில். பழைய காரவனை வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்த வேறு பார்க்குகள் லேசில் சம்மதிக்காது.

சட்டமும் இங்கே கொஞ்சம் கைவிட்டுவிடும். 1983ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டம், நிரந்தரமாகக் குடியிருக்கிற பார்க் ஹோம்காரர்களுக்கு நல்ல பாதுகாப்புக் கொடுக்கிறது. அவர்கள் விற்கும்போது பார்க் எடுக்கிற கமிஷன்கூட 10 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. விடுமுறைக் காரவன் அந்தச் சட்டத்துக்குள் வராது. உங்கள் உரிமை எல்லாம் கையெழுத்துப் போடுகிற லைசென்ஸ் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி அநியாயமான நிபந்தனைகள் செல்லாது என்பது உண்மை. ஆனால் அதை நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும். இந்தத் தொழிலின் சங்கங்களான பிரிட்டிஷ் ஹாலிடே அண்ட் ஹோம் பார்க்ஸ் அசோசியேஷனும் நேஷனல் காரவன் கவுன்சிலும் சேர்ந்து ஒரு மாதிரி ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அதைத்தான் பயன்படுத்துகிறீர்களா என்று பார்க்கில் கேளுங்கள். இல்லை என்றால் ஏன் என்றும் கேளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். சைட் ஃபீ 5,500. இன்ஷூரன்ஸ் ஒரு 250. காஸும் கரண்டும் அளவாகப் பாவித்தால் 600. குளிர்காலத்துக்குத் தண்ணீர் வடித்துவிட்டு, வசந்தத்தில் திரும்பத் திறந்துவிட ஆள் கூலி 150. இதுவே வருடத்துக்கு 6,500 ஆகிவிட்டது, காரவன் விலையில் இன்னும் கைவைக்கவில்லை. ஏழு வருடம் கழித்து விற்கிறீர்கள், 8,000 கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். விற்பனைக் கமிஷன் 15 சதவீதமும் அதன்மேல் வாட் வரியும் என்பது பரவலாக இருக்கிற வழக்கம். அதில் 1,440 போனால் கையில் 6,560. ஆக 32,000இல் 25,440 கரைந்திருக்கும், வருடத்துக்கு 3,600க்குக் கொஞ்சம் மேல். மொத்தம் வருடத்துக்குச் சுமார் 10,100 பவுண்டு. கடன் வாங்கினால் வட்டி தனி. காரவனுக்கு வீட்டு மார்ட்கேஜ் கிடைக்காது, வட்டி அதைவிடக் கூடத்தான் இருக்கும்.

சைட் ஃபீயும் அப்படியே நிற்காது. வருடம் 5 சதவீதம் ஏறினால் ஏழு வருடத்தில் 5,500 என்பது 7,700ஐத் தாண்டும். உங்களிடம் சொன்ன 5,500இல் வாட் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டீர்களா? சீசன் பிட்ச் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் உண்டு. சில இடங்களில் வரி நீங்கலாகத்தான் முதலில் சொல்வார்கள். ஹாலிடே பார்க்கில் கவுன்சில் டாக்ஸ் கிடையாது; பார்க் கட்டுகிற பிசினஸ் ரேட்ஸ் வரியில் உங்கள் பங்கு ஃபீக்குள் இருக்கிறதா, தனி பில்லாக வருகிறதா என்பதையும் கேளுங்கள்.

இனி எத்தனை இரவு அங்கே தங்குவீர்கள்? எல்லாரும் ஏமாறுகிற இடம் இதுதான். விற்பனை மேசையில் உட்கார்ந்திருக்கும்போது வாராவாரம் வருவதாகத்தான் தோன்றும். நம் வீடுகளின் சனிக்கிழமை எப்படி இருக்கிறது என்று யோசியுங்கள். காலையில் தமிழ்ப் பள்ளி, பின்னேரம் பரதமோ மிருதங்கமோ, நடுவில் யாருக்காவது பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமை டியூஷன். கோடையில் கோயில் தேர், கல்யாணம், அரங்கேற்றம் எல்லாம் வரிசைகட்டி நிற்கும். ஒன்றுவிட்ட ஒரு வருடம் ஊருக்குப் போவீர்கள். அந்த வருடக் கோடை முழுக்கக் காரவன் பூட்டியே கிடக்கும், ஃபீ மட்டும் ஓடும். பள்ளி நாளில் போகலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. அனுமதியில்லாமல் ஐந்து நாள் பள்ளியைத் தவறவிட்டால் 2024 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்து முழுக்க 80 பவுண்டு அபராதம், அதுவும் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக. மூன்று வாரத்துக்குள் கட்டாவிட்டால் 160.

ஈஸ்டரில் ஒரு வாரம், மே ஹாஃப் டெர்ம் விடுமுறை, கோடையில் மூன்று வாரம், அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக சில வார இறுதிகள். ரொம்ப மனது வைத்தால் 45 இரவு வரும். 10,100ஐ 45ஆல் வகுத்தால் இரவுக்கு 225 பவுண்டு. நீங்கள் ஆகஸ்ட் உச்சத்தில் கொடுத்த வாடகையே இரவுக்கு 164தான். உச்ச வாடகையோடு ஒப்பிட்டால்கூட வருடத்துக்கு 62 இரவு தங்கினால்தான் சரிக்குச் சரி. மே, அக்டோபர் வார இறுதிகளில் வாடகை பாதிக்கும் கீழே இறங்கும் என்பதால், உண்மையில் 80, 90 இரவு தேவைப்படும். செய்தித்தாளில் கூப்பன் சேர்த்து 9.50 பவுண்டு ஹாலிடே என்று போகிறவர்களும் இதே மாதிரிப் பார்க்குகளில்தான் தங்குகிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வாடகைக்கு விட்டு ஃபீயைச் சமாளிக்கலாம் என்று விற்பவர் சொல்லியிருப்பார். சொல்லாமல் இருக்க மாட்டார். வாடகைக்கு ஆள் வருவது பள்ளி விடுமுறையில். உங்களுக்கும் அப்போதுதான் வேண்டும். நல்ல ஆறு வாரத்தை விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது நவம்பர் மழை. பார்க் வழியாக விட்டால் அவர்களுக்குக் கமிஷன், சுத்தம் செய்யக் காசு, அது போக வருமான வரி. விடுமுறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஃபர்னிஷ்ட் ஹாலிடே லெட்டிங் என்று இருந்த வரிச் சலுகைகளும் 2025 ஏப்ரலோடு போய்விட்டன. வாடகைக்கு ஆளை வைத்தால் வருடாவருடம், காஸ் வேலைக்கான காஸ் சேஃப் பதிவு உள்ளவரைக் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும். எனக்கு வேலை கிடைக்கும், நல்லதுதான். ஆனாலும் இதை நம்பி வாங்காதீர்கள்.

அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அம்மாவுக்கு வேலையில்லை, பள்ளியில்லை. அவர் மே, ஜூன், செப்டம்பரில் வார நாட்களில் தோழி யாரையாவது கூட்டிக்கொண்டு போய்த் தங்குவார் என்றால் இரவுக் கணக்கே மாறிவிடும். இப்படி ஓய்வு பெற்ற பெற்றோர் வைத்துப் பயன்படுத்துகிற குடும்பங்களுக்குத்தான் காரவன் லாபம் என்று நான் பார்த்தவரை சொல்வேன். ஆனால் அம்மா கார் ஓட்டுவாரா? கடைக்கு எவ்வளவு தூரம்? வாசலில் எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா? முழங்கால் வலி உள்ளவர் அந்தக் குறுகலான ஷவருக்குள் ஏறி இறங்க முடியுமா? அவரையே கூட்டிப்போய் ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். இன்னொன்று: அம்மாவை அங்கேயே இருக்கவைக்கலாம் என்ற எண்ணம் ஓரத்தில் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். 12 மாதமும் திறந்திருக்கிற பார்க் என்றாலும் அது விடுமுறைக்கு மட்டும்தான். நிரந்தர முகவரி வேறு இருக்கிறது என்று கவுன்சில் டாக்ஸ் பில்லைக் காட்டச் சொல்வார்கள். ‘யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று விற்பவர் கண்ணடித்தால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்.

பழைய காரவனாக, 12,000 பவுண்டுக்கு, லைசென்ஸ் எட்டு வருடம் மிச்சம் இருப்பதாக ஒன்றை வாங்கினால்? கடைசியில் சல்லிக்காசு வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 1,500 கழிவு, மேலே அந்த 6,500. மொத்தம் 8,000, அதே 45 இரவுக்கு இரவு 178. வாடகைக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் வந்துவிட்டது. காரவன் விலை இருபதாயிரம் குறைந்தும் வருடச் செலவு இரண்டாயிரம்தான் குறைந்திருக்கிறது, பார்த்தீர்களா? உண்மையான செலவு சைட் ஃபீயில்தான் இருக்கிறது. ஆகவே காரவனைத் தேடுவதற்கு முன் பார்க்கைத் தேடுங்கள். நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், இரவு நிகழ்ச்சி எல்லாம் உள்ள பெரிய பார்க்கில் ஃபீ கூட. வெறும் புல்வெளியும் கடலும் மட்டும் உள்ள குடும்பப் பார்க்கில் கணிசமாகக் குறையும். உங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்தது கடலா, அந்தக் குளமா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். குளம் என்றால் வாங்கிப் பிரயோசனமில்லை, நாலு வருடத்தில் அலுத்துவிடும்.

பழையது வாங்குகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பது என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சோபாத் துணியையும் டிவியையும் பார்க்காதீர்கள். ஜன்னல்களின் கீழ் மூலைகளைக் கட்டை விரலால் அழுத்துங்கள். பலகை கெட்டியாக நின்றால் நல்லது. பிஸ்கட் நனைந்த மாதிரி உள்ளே போனால் சுவருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஷவர் வாசலிலும் கழிப்பறையைச் சுற்றியும் குதிகாலை ஊன்றி நடந்து பாருங்கள், தரை அமுங்கக் கூடாது. அலமாரிகளைத் திறந்து மோந்து பாருங்கள். புது ஏர் ஃப்ரெஷ்னர் வாசனை தூக்கலாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அப்புறம் டார்ச் எடுத்துக்கொண்டு, காரவனின் அடிப்பக்கத்தைச் சுற்றி மறைக்கிற பாவாடைப் பலகைக்குப் பின்னால் குனிந்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். துத்தநாகப் பூச்சு உள்ள சட்டமா, வெறும் பெயின்ட் அடித்ததா? கடற்கரையில் பெயின்ட் சட்டம் உப்புக் காற்றுக்கு ஏடு ஏடாக உரியும்.

காஸ் பெரும்பாலும் 47 கிலோ சிவப்பு சிலிண்டர், அதாவது புரொப்பேன். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் அது வரும். நீல சிலிண்டரில் இருக்கிற பியூட்டேன் உறைநிலைக் குளிரில் ஆவியாகாது, எனவே ஹீட்டிங்குக்கு அதை நம்ப முடியாது. சிலிண்டரைப் பார்க்கிடம்தான் வாங்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் விலையைக் கேட்டுவையுங்கள். கரண்டுக்கு அந்தக் கவலை குறைவு: பார்க் தான் வாங்கிய விலைக்கு மேல் யூனிட்டுக்கு வைத்து விற்கக் கூடாது என்று, மின்சாரத்தையும் காஸையும் கண்காணிக்கிற ஆஃப்ஜெம் அமைப்பின் விதி இருக்கிறது. பாய்லரின் வயது என்ன, கடைசியாக யார் பார்த்தார்கள், காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தை அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் அதில் பேட்டரி இருக்காது.

குளிர்காலம் தனிக் கதை. தண்ணீரை முழுதாக வடிக்காமல் விட்டால், முதலில் போவது ஷவரின் மிக்ஸர் வால்வு. உள்ளே தேங்கிய ஒரு மடக்குத் தண்ணீர் உறைந்து பித்தளையைப் பிளக்கும். ஜனவரியில் ஒன்றும் தெரியாது, உறைந்தே கிடக்கும். மார்ச்சில் வந்து தண்ணீரைத் திறந்ததும் சுவருக்குப் பின்னால் கொட்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை தண்ணீரை வடித்து வைத்திருக்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் பாலிசிகளிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். வடித்ததற்கு ரசீது இல்லாவிட்டால் அவர்களிடம் வாதாட முடியாது. குளிர்காலத்திலும் போய்த் தங்க ஆசை இருந்தால், சாதாரண விடுமுறைத் தரமான இஎன் 1647இல் கட்டியதைவிடக் குடியிருப்புத் தரமான பிஎஸ் 3632இல் கட்டியது எவ்வளவோ மேல். சுவர் கனம், கதகதப்பு நிற்கும். விலையும் அதற்கேற்ப.

நம் சமையல் பற்றியும் சொல்லியாக வேண்டும். காரவனின் எக்ஸ்ட்ராக்டர் சின்னது. மீன் பொரித்தால், தாளித்தால், வாசனை திரைச்சீலையிலும் மெத்தையிலும் ஏறிக் கடைசிவரை போகாது. சோறும் பருப்பும் ஒரு மணி நேரம் கொதித்தால் ஆவி முழுக்க ஜன்னலில் படிந்து ஓரத்தில் வடியும், மேலே சொன்ன அந்த மூலைதான் ஊறும். வெளியே மேசை போட்டு அடுப்பு வைக்க உங்கள் பார்க் அனுமதிக்குமா என்று கேளுங்கள். ஆறு பேர் படுக்கலாம் என்றால் அதில் இருவருக்கு ஹாலில் இழுத்துப்போடும் சோபாதான். சித்தப்பா குடும்பம் வந்தால் பாயை விரித்துப் பத்துப் பேர் படுப்பதெல்லாம் நடக்காது. ஆள் கணக்கில் பார்க்குகள் கறார், விருந்தாளி பெயரைப் பதியச் சொல்வார்கள்.

இடத்தையும் பாருங்கள். எசெக்ஸ் கரை தாழ்ந்த கரை. 1953 வெள்ளத்தில் கிளாக்டனை ஒட்டிய ஜேவிக்கில் பலர் உயிரிழந்தார்கள். யார்க்ஷயரின் ஹோல்டர்னஸ் கரையில் கடல் மண்ணைத் தின்றுகொண்டே வருவதால், முன் வரிசைக் காரவன்களைப் பின்னால் நகர்த்த வேண்டிய நிலை. கடல் பார்த்த பிட்சுக்குக் கூடுதல் காசு கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் இன்ஷூரன்ஸ்காரரிடம் அந்தப் பின்கோடைச் சொல்லி வெள்ளத்துக்கு என்ன கேட்கிறார் என்று பாருங்கள்.

டிவி லைசென்ஸுக்குத் தனியாகக் காசு வேண்டாம், வீட்டிலும் அங்கும் ஒரே நேரத்தில் பார்க்காதவரை.

உங்களுக்கு என் யோசனை இதுதான், தம்பி. வருகிற ஒரு வருடம் வாடகைக்கே போங்கள், ஆனால் ஆகஸ்டில் மட்டும் போகாமல் மேயிலும் அக்டோபரிலும் ஒவ்வொரு தடவை, இரண்டு மூன்று பார்க்குகளில். மழை நாளில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், வெள்ளிக்கிழமை மாலை ஏ12 சாலை நெரிசலில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், அம்மா எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். சொந்தக் காரவன் வைத்திருப்பவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், பேச்சுக் கொடுங்கள். விற்பனை அலுவலகம் ஒரு மணி நேரத்தில் சொல்லாததை அவர்கள் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் இலையுதிர்காலத்தில் தேடுங்கள். அடுத்த வருட ஃபீ பில் வருவதற்கு முன் கைகழுவிவிட நினைப்பவர்கள் அப்போதுதான் விலையில் இறங்கிவருவார்கள். கையில் இருக்கிற காசுக்கு வாங்குங்கள், கடனுக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் 500 பவுண்டு முன்பணம் கட்டினால் இதே விலைக்குப் பிடித்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கட்டாதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு ஈமெயில் அனுப்புங்கள்: லைசென்ஸ் ஒப்பந்தத்தின் முழுப் பிரதி, கடந்த ஐந்து வருடச் சைட் ஃபீ வருடவாரியாக, விற்கும்போது கமிஷன் எவ்வளவு, நான் விற்றால் வாங்குகிறவருக்கு மிச்ச வருடங்கள் அப்படியே கிடைக்குமா, காலம் முடிந்ததும் அகற்றும் செலவு யாருடையது. ஐந்துக்கும் எழுத்தில் பதில் வந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.